பேரு வாசிக்க மாட்டாங்களா?

அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, இன்று பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே,

கணினி படித்து முடித்தவர்களிடம் நாளைய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். செயற்கை நுண்ணறிவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பழைய ரேடியோவைப் பற்றிப் பேசுகிறேன்.

கொஞ்சக் காலமாக ஓய்வு நேரத்தில் ஓர் இணையச் செயலி செய்து வருகிறேன். கைத்தொலைபேசியில் திறந்தால் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் இருந்த அந்த ரேடியோப் பெட்டி தெரியும். திருகைத் திருப்பினால் முள் நகரும், இரைச்சல் கேட்கும், இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பி வரும். யோசனை முழுக்க என்னுடையதல்ல. நெதர்லாந்தில் 2016இல் ரேடியோ கார்டன் என்று ஒன்றை வெளியிட்டார்கள். திரையில் பூமி உருண்டையை விரலால் சுற்றினால் அந்தந்த ஊர் நிலையங்கள் நேரலையில் பேசும். ஒரு நிலையத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் வரை பழைய கரகரப்பை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். இணையத்தில் அந்தக் கரகரப்பு தானாக வராது. உட்கார்ந்து செய்ய வேண்டும்.

செய்வது கடினமில்லை. உலாவிக்குள் வெப் ஆடியோ என்ற வசதி இருப்பது உங்களுக்குத் தெரியும். தற்செயல் எண்களால் ஓர் ஒலித்துண்டை நிரப்பி ஓடவிட்டால் 'ஸ்ஸ்' என்று கேட்கும். உயர்ந்த, தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டினால் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ஆனாலும் காது நம்பாது, அது ஒரே சீராக இருப்பதால். அந்தப் பெட்டிக்கு வந்த சிற்றலை, வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குவது. அந்த மண்டலம் மாற மாறக் குரல் பொங்கும், அமுங்கும். மேலிருந்து இறங்குவதால்தான் மலை மறித்த பள்ளத்து லயங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆகவே ஒலியளவை ஒழுங்கில்லாமல் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. ஆள் ஒரு தடவை தொடாமல் உலாவிகள் பொதுவாக ஒலியை எழுப்ப விடுவதில்லை. எனக்கு அது தோதாகப் போயிற்று, பழைய பெட்டியும் திருகினால்தானே பேசும்! டேட்டாவுக்கு எண்ணி எண்ணிக் காசு போடும் வீடுகளை நினைத்து, பேச்சை ஓபஸ் முறையில் நொடிக்கு 24 கிலோபிட்டாகச் சுருக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு 11 எம்.பி. கூட ஆகாது. பழைய சினிமாப் பாட்டுகளின் உரிமை பிறரிடம் இருப்பதால் அதில் கை வைக்கவில்லை. நம் ஆட்கள் பாடிய தாலாட்டு, கும்மி, காமன் கூத்து, இவைதான் அதில் ஓடுகின்றன.

அப்பாயியிடம் கொடுத்தேன். திருகைத் திருப்பினார், ஒரு கும்மியை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. பாட்டு கேட்டவங்க பேரு வாசிக்க மாட்டாங்களா?"

இங்கே கூடியிருக்கும் பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு பின்னாளில் இலங்கை வானொலியாக வளர்ந்தது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீட் என்று அதன் தமிழ்க் குரல்களை இன்றும் வரிசையாகச் சொல்வோர் உண்டு. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வரும், ஊர்கள் வரும். நிலையம் இருந்த இடம் அன்று டொரிங்டன் சதுக்கம். நம் டொரிங்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து தபாலட்டை போட்டவர் டொரிங்டனிலிருந்து டொரிங்டனுக்கே எழுதினார், வெள்ளைக்காரன் வைத்த பெயரில் இப்படியும் ஒரு வேடிக்கை. ஆனால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் மட்டும் எழுதப்பட்டு, பெரட்டு என்ற காலைக் கணக்கெடுப்பில் மட்டும் கூப்பிடப்பட்ட ஒரு பெயரை, குடியுரிமைகூட இல்லாத காலத்தில், கொழும்பிலிருந்து ஒருவர் மரியாதையாக வாசித்தார் என்றால் அது வேடிக்கையில் சேராது. பாட்டு இரண்டாம் பட்சம்.

அந்தப் பெயர்கள் கடலையும் தாண்டின. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறிப் போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலையிலேயே நின்றார்கள். தமிழகத்திலும் இலங்கை வானொலிக்குக் காது கொடுத்தவர்கள் ஏராளம். கடவுச்சீட்டு பிரித்த குடும்பங்களால் ஒரே குரலை இரண்டு கரையிலும் கேட்க முடிந்தது.

நம் ஆக்ரா ஓயா ஆறு போய்ச் சேரும் கொத்மலைப் பக்கம் இன்னொரு கதை உண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலிக்கு, 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு இணைய இணைப்புக் கிடைத்தது. கிராமத்தில் கணினி இல்லை; இணையப் பக்கங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். நேயர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடி, கிடைத்ததை மக்கள் மொழியில் விளக்கினார்கள். இணையமும் வானொலியும் சேர்ந்த முயற்சிகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று தெரியாது. அவர்கள் பெட்டியின் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை. கேட்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்கள்.

மரச்சட்டமும் மஞ்சள் வெளிச்சமும் வரைந்து பழசை விற்பது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. உங்களில் யாராவது அப்படி ஒன்று செய்தால் குறை சொல்ல மாட்டேன், பழகுவதற்கு நல்ல வேலை. ஆனால் அந்தப் பெட்டியைச் சுற்றி லயமே உட்கார்ந்திருந்தது. வெயிலில் காய வைத்த பற்றரியின் மிச்ச உயிரில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டார்கள். அதைத் திரைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பொறியியல் கேள்வி.

நான் எடுத்த வழி இது. கேட்பவர் தன் பெயரையும் தோட்டத்தையும் எழுதி அனுப்பலாம். அடுத்த பாட்டுக்கு முன் அது வாசிக்கப்படும். இங்கே டயகம தோட்டத்தில் கேட்பவருக்கும் கூடலூரில் கேட்பவருக்கும் அதே நிமிடத்தில் அதே குரல் கேட்கும். முன்னும் பின்னும் தள்ளும் பொத்தானை அதற்காகவே எடுத்துவிட்டேன். இயந்திரக் குரலை வைத்துப் பார்த்தேன். 'டொரிங்டன் கீழ்ப் பிரிவு' அதன் வாயில் நுழையவில்லை. மனிதர்தான் வாசிக்க வேண்டும்.

அதற்குக் குரல்கள் தேவை. நிரலும் திறந்தே இருக்கிறது, திருத்த வருகிறவர்கள் வரலாம். வீட்டில் பழைய கசட் இருந்தால் கொண்டு வாருங்கள். இந்த ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கும், துடைக்காமல் ஓடவிட வேண்டாம். விழா முடிந்ததும் வாசலில் தேத்தண்ணி கொடுக்கும் மேசைப் பக்கம் நிற்பேன்.