உளிக்கு நேரம் கொடுங்கள்



சிற்பி என்றால் கல்லைச் செதுக்குபவர் என்றே எல்லாரும் எண்ணுவோம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அப்படி இல்லை. சிற்பி களிமண்ணில் உருவம் செய்வார். வேலையாட்கள் அதைப் புள்ளி புள்ளியாக அளந்து பளிங்கில் வடிப்பார்கள். புகழ்பெற்ற ரோடினின் பளிங்குச் சிலைகளும் பெரும்பாலும் இப்படி உருவானவைதாம்.

ருமேனியாவில் பிறந்த பிராங்குசி, 1907இல் ரோடினின் பட்டறையில் சிறிது காலமே இருந்துவிட்டு வெளியேறினார். பின்னர் 'முத்தம்' என்னும் சிலையை நேரே கல்லில் செதுக்கினார். தழுவி நிற்கும் இருவரிடத்திலும் கல்லின் கட்டை வடிவம் அப்படியே தெரியும். இங்கிலாந்தில் எப்ஸ்டீனும் எரிக் கில்லும் அதே வழியில் சென்றனர்.

இதில் தமிழருக்கு என்ன தொடர்பு? கில்லின் நண்பர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். இந்தியக் கலைப் படங்களைத் தொகுத்து அவர் 1914இல் வெளியிட்ட 'விஸ்வகர்மா' நூலுக்கு முன்னுரை எழுதியவர் கில்தான்.

மேற்கில் புதுமை எனப் பேசப்பட்டது மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டிலேயே நடந்த வேலை. ஐந்து ரதங்களும் பாறையை மேலிருந்து கீழாக வெட்டி வடித்தவை. அதனால்தான் சிலவற்றின் அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்கிறது. ஆனால், நம் சிற்பி மனம்போன போக்கில் செதுக்குவதில்லை. சாத்திர அளவுப்படி கோடு போட்டுத்தான் உளியை வைப்பார். கல்லைத் தட்டி, ஓசை கேட்டே தேர்ந்தெடுப்பார்.

ஜொகூர் பாருவில் உள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஒரு கண்ணாடித் துண்டு பிசகினால் மாற்றி ஒட்டலாம். கோபுரத்துச் சுதைச் சிற்பத்தையும் திருத்தலாம். கல்லில் விழுந்த உளியடியைத் திரும்பப் பெற முடியாது. அந்தக் கவனமே சிற்பியின் தவம்.

இன்று தமிழகச் சிற்பக்கூடங்களிலும் மின் கருவிகள் வந்துவிட்டன. உழைப்பைக் குறைக்கும் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், திருக்குடமுழுக்குக்குத் தேதி குறித்துவிட்டு, கடைசி நேரத்தில் சிலை கேட்டால் என்ன ஆகும்? அவசரத்துக்கு இயந்திரம்தான் கைகொடுக்கும். உளி பிடிக்கக் கற்ற இளைஞருக்கு வேலை இராது.

எனவே ஆலய நிர்வாகத்தினரே, விலையை மட்டும் கேட்காதீர்கள். செதுக்குபவர் யார், அவருக்கு எத்தனை மாதம் வேண்டும் என்றும் கேளுங்கள். அந்த அவகாசத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு தேதி குறியுங்கள்.