எலும்பும் தசையும்

வாரம் ஒருமுறையேனும் ஊருக்குத் தொலைபேசியில் பேசும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பேச்சு பெரும்பாலும் முழங்கால் வலியில் தொடங்கும். "நீங்கள் ஒரு வேலையும் செய்யாதீர்கள், பேசாமல் படுத்திருங்கள்" என்ற அன்புக் கட்டளையில் முடியும். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுக்கக்கூடியது ஓய்வு ஒன்றே என்று எண்ணுகிறோம். அந்த ஓய்வு முதியோரின் எலும்புக்கும் தசைக்கும் நன்மை செய்கிறதா? ஆராய்ச்சிச் சாலைகள் இதைக் குறித்து என்ன கூறுகின்றன என்பதை இன்று பார்ப்போம்.

எங்கள் குடும்பம் பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்க்கோடியில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தது. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர்ச் சீமை. கோவிந்தாபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். மலையாள நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் அங்கே வீட்டுக்குள்ளும் சந்தையிலும் தமிழ் ஒலிக்கும். இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு முதல் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வரையுள்ள மலைச்சரிவுகளிலும் இதே கதைதான். அந்த ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வெளியேறிய பலருள் நாங்களும் ஒருவர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அன்னையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை நன்கு முடிந்தது. வீடு திரும்பும்போது ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்புத்தாள் ஒன்று தந்தார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதை அன்னையாருக்குத் தமிழில் படித்துச் சொன்னோம். "போதிய ஓய்வு" என்றிருந்ததை "அசையாமல் படுத்திருத்தல்" என்று பெயர்த்துவிட்டோம். அடுத்த வரியில் இருந்த நடைப்பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். உதவிக்கு ஒரு பெண்மணியை அமர்த்திவிட்டுத் தில்லிக்குத் திரும்பினோம். மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் அன்னையாரால் எழுந்து நிற்க முடியவில்லை. கால்கள் சுள்ளிபோல் மெலிந்திருந்தன.

நம் பிழை எங்கே பிறந்தது? எலும்பை வீட்டுத் தூண்போல் எண்ணியதில் பிறந்தது. ஒருமுறை நிறுத்திய தூணுக்கு அதன்பின் வேலை இல்லை. எலும்போ உயிருள்ள பொருள். அதனுள் பழைய பகுதியைக் கரைக்கும் அணுக்களும், அவ்விடத்தில் புதியதைக் கட்டும் அணுக்களும் இரவுபகலாக உழைக்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. எங்கே கட்டுவது, எங்கே கரைப்பது என்பதை, எலும்பினுள் புதைந்திருக்கும் வேறோர் இன அணுக்கள் உடலின் பாரத்தை உணர்ந்து தெரிவிக்கின்றன. பாரம் விழும் இடம் உறுதிப்படும். பாரம் விழாத இடம் கரையும்.

எலும்பின் சேர்க்கையும் வியப்புக்குரியது. கால்சியமும் பாஸ்பரசும் கலந்த தாது அதற்குக் கடினம் தருகிறது. கொலாஜன் என்னும் புரத நார் அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மை தருகிறது. இந்த நாரின் அமைப்பைக் கண்டறிந்தவர் நம்மவர். 1922-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தபோது, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் இதை வெளியிட்டார். ஆராய்ச்சிக்கு வேண்டிய நார், சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. அது கங்காருவின் வாலிலுள்ள தசைநாண்! எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறே கொலாஜன் என்று இருவரும் காட்டினர். நம் தோலையும் தசைநாணையும் எலும்பையும் கட்டிவைத்திருப்பது இந்த மூன்று புரிக் கயிறுதான்.

கயிறு நன்றாக இருந்தாலும் தாது கெடலாம். அதற்கு எங்கள் ஊர்ப் பக்கமே சான்று. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில், சிற்றூர் வட்டாரத்துக் கிணறுகள் சிலவற்றில் புளோரைடு அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்த புளோரைடு பல்லைக் கறைப்படுத்துவதோடு நிற்பதில்லை. எலும்பின் தாதுவில் இடம்பிடித்து, எலும்பைத் தடிப்பாக்கி, அதே சமயம் எளிதில் முறியச் செய்கிறது, மூட்டுகளை இறுக்குகிறது. நம் நாட்டில் இந்நோயை மருத்துவர்கள் 1937-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டு எழுதினர். இறுகிய புளோரைடு எலும்பை மீட்பது அரிது. கிணற்று நீரை முன்பே பரிசோதிப்பது எளிது.

இனி, இழந்ததை உடல் மீண்டும் ஆக்கிக்கொள்வது எவ்வாறு என்று பார்ப்போம். 1961-இல் அமெரிக்க விஞ்ஞானி அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் தசையை எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தபோது, தசை இழைகளின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் சிறு அணுக்களைக் கண்டார். துணைக்கோள் அணுக்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். தசைக்குக் காயம் நேர்ந்தால் உறங்கிக்கிடக்கும் இவ்வணுக்கள் விழித்துப் பெருகிப் புதுத் தசை இழையாகின்றன. 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அறுவை மருத்துவர், தாது நீக்கிய எலும்புத் துண்டை மிருகங்களின் தசைக்குள் வைத்தார். அங்கே புது எலும்பு முளைத்தது! எலும்புக்குள்ளேயே "எலும்பைக் கட்டு" என்று ஆணையிடும் புரதங்கள் உண்டென்பது இதனால் விளங்கிற்று.

இன்றைய ஆராய்ச்சி இவ்வழியிலேயே செல்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார், எலும்பின் தாதுவை ஒத்த பீங்கான் பொருள்களை ஆக்கி, எலும்பில் நேரும் இடைவெளிகளை நிரப்பும் முறைகளை வகுத்துள்ளனர். வைத்த பொருளைச் சுற்றி உடலின் சொந்த எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்கிறது. பெங்களூரில் உள்ள குருத்தணு ஆராய்ச்சி நிலையமான இன்ஸ்டெம், தசை அணுக்களைக் கொண்ட ஒரு சோதனையை விண்வெளிக்கே அனுப்பியது. 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு ஜூலை 15 அன்று திரும்பிய சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்தில் அச்சோதனையை நடத்தினார். எடையற்ற நிலையில் தசை புதுப்பிக்கப்படுவது ஏன் தளர்கிறது, சில சத்துப்பொருள்கள் அதற்கு உதவுமா என்பதே கேள்வி.

விண்வெளி வீரருக்கும் கொழிஞ்சாம்பாறையில் கட்டிலில் கிடக்கும் மூதாட்டிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. தக்க பயிற்சியின்றி விண்வெளியில் இருப்பவரின் இடுப்பெலும்பு மாதத்திற்கு ஏறக்குறைய 1 சதவீதம் கரைகிறது. எடையைத் தாங்காத உடலுக்கு வானமும் கட்டிலும் ஒன்றே. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான முதியோர் 12 பேரைப் பத்து நாள் படுக்கையில் இருத்தினர். அப்பத்து நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்தது. நாங்கள் எங்கள் அன்னையாரை மூன்று மாதம் படுக்கவைத்தோம்!

நற்செய்தியும் உண்டு. 1990-இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையான சிலருக்குக் கால்களுக்கு எடைப்பயிற்சி தந்தார்கள். எட்டே வாரங்களில் அவர்களின் கால் வலிமை இரு மடங்கையும் தாண்டியது. தொண்ணூறு வயதிலும் தசை, பாரத்தின் அழைப்புக்குச் செவிசாய்க்கிறது.

பாரம் நல்லது என்றால் எல்லாப் பாரமும் நல்லதென்று கொள்ளலாகாது. இடுக்கி மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சரிவில் ஏறி இறங்கி, பச்சைக்கொழுந்து மூட்டையை எடைபோடும் இடம்வரை சுமக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். உழைப்பு அவர்களுக்கு உறுதி தரலாம். ஊட்டமும் இடைவேளையும் இல்லாத உழைப்பு முதுகையும் மூட்டையும் தேய்க்கும். உடல் வேண்டுவது அளவான பாரமும், புரதமும் கால்சியமும் உள்ள உணவும், வெயிலும், நல்ல உறக்கமும் ஆகும்.

அன்னையாருக்கு உதவியாக வந்த பெண்மணி மூணாற்றுத் தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்து, லயத்தை விட்டுக் கீழே இறங்கியவர். இயன்முறை மருத்துவர் வந்து பயிற்சியைக் காட்டிச் சென்றபின், அன்றாடம் அதைச் செய்வித்தவர் அவரே. "அம்மா, வேலை கொடுக்காட்டி காலு நம்மளை மறந்துபோகும்" என்பார். முதலில் நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பது; பிறகு பத்து முறை எழுந்து உட்கார்வது; பிறகு சுவரோரமாகத் திண்ணைவரை நடப்பது. ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது அன்னையார் கைத்தடியுடன் வாசலுக்கு வந்து தாமே பால் வாங்கிக்கொள்கிறார். முழு வலிமையும் திரும்பவில்லை. அந்த மூன்று மாதத்திற்கு நாம் கொடுத்த விலை அது.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது "படுத்திருங்கள்" என்று சொல்லுமுன் சிறிது யோசிப்போம். மருத்துவர் எவ்வளவு நடக்கச் சொன்னார் என்று கேட்போம். இன்று எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்போம். கிணற்று நீரைப் பரிசோதித்தாயிற்றா, தட்டில் பருப்பும் கேழ்வரகும் உண்டா, கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவினார்களா என்றும் கேட்போம். நாம் இப்போது ஞாயிறுதோறும் இக்கேள்விகளைத்தான் கேட்கிறோம். "பால் வாங்கப் போகிறேன், பிறகு பேசு" என்று அன்னையார் சில நாள் தொலைபேசியை வைத்துவிடுகிறார். அதில் நமக்கு வருத்தமில்லை.