ஆறுதல் குற்றமா?



சங்கத்தின் ஆண்டு விழாவில் உரையாற்ற வருகிறவர்கள் வள்ளுவரையோ இளங்கோவையோ கம்பரையோ எடுத்துக்கொள்வதுதான் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும், நாம் இன்று கூடியிருக்கும் இந்தப் பர்மிங்ஹாம் நகரத்தில் தம் பால்யத்தைக் கழித்து, இதன் தென்புறத்தில் அப்போது தனிக் கிராமமாக இருந்த சேர்ஹோலின் நீர்ச்சக்கர ஆலையையும் மோஸ்லிச் சதுப்புக் காட்டையும் வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்து, அவற்றைக் கொண்டே ஒரு கற்பனை உலகத்தைச் சிருஷ்டித்த ஜே. ஆர். ஆர். டோல்கீனைப் பற்றி, அவருடைய ஊரிலேயே குடியிருந்து பிள்ளைகளை வளர்க்கும் தமிழர்களாகிய உங்களிடம் பேசுவதும் பொருத்தமே என்று கருதி இந்தப் பொருளைத் தேர்ந்தேன். உங்கள் பிள்ளைகளில் பலர் அவரைப் படித்திருக்கிறார்கள். படித்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதையும் நீங்கள் வீட்டில் கேட்டே அறிந்திருப்பீர்கள். அந்த ஒற்றுமையின்மைதான் இன்று என்னுடைய விஷயம்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் அந்தப் பெருங்கதை அச்சேறுவதற்கு முன்பே சர்ச்சைக்கு உள்ளாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிஸின் அறையில் கூடிய நண்பர் குழாத்தில் டோல்கீன் தம் கையெழுத்துப் பிரதியை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தபோது, லூயிஸ் மெய்ம்மறந்து கேட்டார். ஹியூகோ டைசன் என்ற மற்றொரு நண்பரோ, தாம் இருக்கும் வேளையில் அதை வாசிக்கவே கூடாது என்று தடுக்கும் அளவுக்கு வெறுத்தார். ஆசிரியர் ஒருவர், கதை ஒன்று, நண்பர்களும் அதே நண்பர்கள். அப்படியிருந்தும் ஒரே அறைக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. பிரசுரகர்த்தரான ரேனர் அன்வினும் இந்நூலால் ஆயிரம் பவுன் வரை நஷ்டம் வரலாம் என்று தந்தைக்கு முன்கூட்டியே தெரிவித்து, நஷ்டத்துக்குத் துணிந்துதான் 1954, 1955 ஆகிய இரு ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டார்.

வெளிவந்த பின் நடந்த வாதம் இன்னும் சுவாரசியமானது. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் சிறுவனாக இந்நகரிலேயே வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனின் விரிவுரைகளைக் கேட்ட மாணவர். 1956 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் மூன்றாம் பாகத்தை வானளாவப் புகழ்ந்து எழுதிய அவர், இந்த நூலைக் குறித்து மிதமான அபிப்பிராயம் கொண்டவர் எவரையும் தாம் கண்டதில்லை என்ற கருத்தையும் அதிலேயே பதிவு செய்தார். அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் பெரும் விமரிசகராக விளங்கிய எட்மண்ட் வில்சன் 'தி நேஷன்' இதழில் எழுதிய கட்டுரை ஆடனின் கூற்றுக்கு நிரூபணம்போல் அமைந்தது. தம்முடைய ஏழு வயது மகளுக்கு முழுக்கதையையும் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்த வில்சன், இது அளவு மீறி வளர்ந்துவிட்ட குழந்தைக் கதை என்றும், இதில் வரும் கொடியவர்கள் யாரையும் அச்சுறுத்துவதில்லை என்றும், வசனநடை கற்றுக்குட்டியின் நடை என்றும் தீர்ப்பளித்தார். இங்கிலாந்தில் எட்வின் மியூர் என்னும் கவிஞர், முதலில் ஓரளவு மெச்சியவர், இறுதிப் பாகம் வந்தபோது, இந்த உலகத்தில் நடமாடுகிறவர்கள் எல்லோரும் வீரர் வேஷம் பூண்ட சிறுவர்களே, பெண்ணை அறிந்த பருவத்தை எட்டியவர் ஒருவரும் இல்லை என்று ஆக்ஷேபித்தார். 1961-இல் லூயிஸ் டோல்கீனை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார். ஸ்வீடனின் தேர்வுக் குழுவோ கதை சொல்லும் திறன் போதாது என்று தள்ளிவிட்டது. வாசகர்கள் மட்டும் தள்ளவில்லை. 1997-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தக நிலையமும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் சேர்ந்து நூற்றாண்டின் சிறந்த நூல் எது என்று கேட்டபோதும், 2003-இல் பி.பி.சி. மிகவும் பிடித்த நூல் எது என்று நாட்டு மக்களைக் கேட்டபோதும், முதலிடம் இதற்கே கிடைத்தது. முதல் முடிவு வெளியானபோது ஜெர்மெயின் கிரீர் போன்ற அறிஞர்கள் அடைந்த மனவருத்தம் பத்திரிகைகளில் நெடுநாள் பேசப்பட்டது.

இத்தனை வாதங்களையும் ஒருங்கே வைத்துப் படித்து வருகையில் எனக்குத் தெளிவாகிய ஒன்றைச் சொல்கிறேன். நடை, பாத்திரங்கள், நீளம், பாட்டுகள் என்று பிரதிவாதிகள் எவற்றையெல்லாமோ சுட்டினாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் வழக்கு ஒன்றுதான். இலக்கியம் மனிதனுக்கு ஆறுதல் அளிக்கலாமா, அளித்தால் அது அவனை ஏமாற்றுவதாகுமா என்பதே அந்த வழக்கு. டோல்கீன் தாமே அதை மறைக்காமல் முன்வைத்தவர். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி நிகழ்த்திய உபந்நியாசத்தில், அவ்வகைக் கதையின் உயர்ந்த தர்மங்களில் ஒன்று ஆறுதல் என்றும், சிறைப்பட்டவன் விடுதலையை நாடுவதைப் போர்க்களத்திலிருந்து ஓடுபவனின் கோழைத்தனத்தோடு சேர்த்துப் பழிப்பது நியாயமன்று என்றும் அவர் வாதாடினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மைக்கேல் மூர்காக் எழுதிய கண்டனக் கட்டுரையும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சைனா மியேவில் என்ற நாவலாசிரியர் விடுத்த கண்டனமும் குறிவைத்தது இந்த ஆறுதலைத்தான். உறங்கப்போகும் குழந்தைக்குச் சொல்வதுபோல் வளர்ந்தவர்களைத் தட்டிக்கொடுத்து, உலகத்தின் அநியாயங்களை மறக்கச் செய்கிறார் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டின் சாரம். மியேவில் பின்னர் டோல்கீனிடம் தாம் போற்றுபவை எவை என்றும் மனமுவந்து எழுதினார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்வது நியாயம்.

இந்தக் குற்றச்சாட்டை நான் அலட்சியம் செய்யவில்லை. இது இலக்கியத்தைப் பெரிதாக மதிக்கிறவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு. ஆனால் ஆறுதல் சொல்ல ஒருவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதை, அவன் எதைக் கண்டு வந்தான் என்பதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்து, எட்ஜ்பாஸ்டனில் ஒரு பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்த அந்தப் பையன், நகரின் நடுவிலிருந்த கிங் எட்வர்ட்ஸ் பள்ளியில் மூன்று உற்ற தோழர்களைப் பெற்றான். கடைவீதித் தேநீர் அறையில் கூடி, உலகத்தையே தங்கள் கவிதையால் மாற்றிவிடலாம் என்று கனவு கண்ட அந்த நால்வரில், ராபர்ட் கில்சன் 1916 ஜூலை முதல் தேதி சோம் நதிக்கரைப் போரின் முதல் நாளிலேயே மாண்டார். ஜெஃப்ரி பாஷ் ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில் குண்டுக் காயத்தால் இறந்தார். அதே போர்க்களத்தில் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்ட டோல்கீன், இந்நகரப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் அப்போது இயங்கிய ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். உங்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் பலர் இருக்கிறீர்கள். அத்தகைய நோயாளி எந்த மனநிலையில் படுத்திருப்பான் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்த நோய்க்காலத்தில்தான் அவருடைய புராண உலகத்தின் முதற்கதைகள் உருவாயின. துயரத்தை அறியாதவன் சொன்ன ஆறுதலாக இதை என்னால் எண்ண முடியவில்லை.

அது போகட்டும், வாழ்க்கை வரலாற்றைக் காட்டி நூலுக்கு நற்சான்று வழங்கக் கூடாது என்று வில்சன் கட்சியார் சொல்வார்கள்; சொல்வதும் சரியே. நூலையே பார்ப்போம். தீய வல்லமை கொண்ட மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட ஃப்ரோடோ, எத்தனையோ துன்பங்களைத் தாங்கி எரிமலையின் விளிம்பை அடைந்தபின், அந்த இறுதிக் கணத்தில் அதை அழிக்க மறுத்து, தனக்கே உரியது என்று விரலில் அணிந்துகொள்கிறான். கதாநாயகன் தோற்றுப்போகிறான் என்பதுதான் இந்த வீரகாவியத்தின் உச்சம். உலகம் பிழைப்பது அவனுடைய வல்லமையால் அன்று. கொல்லத் தகுந்தவன் என்று எல்லோரும் கருதிய கோல்லம் என்ற இழிந்த ஜீவனிடம், மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போவும் பின்பு ஃப்ரோடோவும் காட்டிய இரக்கத்தால் பிழைக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் சொந்த ஊரான ஷயரில் மரங்கள் வெட்டப்பட்டு, ஆலை புகை கக்கி, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். தாம் பத்து வயதை எட்டுமுன்னரே தம் பால்யத்தின் கிராமம் அழிக்கப்பட்டதன் நினைவு இப்பகுதியில் கலந்திருப்பதை டோல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கிராமம் உங்கள் சேர்ஹோல்தான். ஊர் மீட்கப்பட்ட பின்னும் ஃப்ரோடோவின் காயம் ஆறவில்லை. காயம்பட்ட அதே தேதிகள் வரும்போதெல்லாம் ஆண்டுதோறும் நோயுற்று, ஊராரால் கவனிக்கப்படாமல், கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான். இதைத் தாலாட்டு என்று சொல்கிறவர்கள் முடிவை மறந்து பேசுகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். பீட்டர் ஜாக்சன் எடுத்த திரைப்படங்களில் கதையின் முடிவில் ஷயரின் அழிவு இடம்பெறாததால், படத்தை மட்டும் பார்த்த லட்சக்கணக்கானோருக்கு இந்தக் கசப்பு தெரியாமலே போயிற்று. இதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

இனி மறு பக்கம். மியூர் சொன்னதில் உண்மை இருக்கிறது. போர்க்களத்தில் நின்று சூனியக்கார அரசனை வீழ்த்தும் ஏயோவின் என்ற ஒரு பெண்ணின் பெருமை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் பெண்களின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது என்ற குறையை ஈடு செய்துவிடாது. அதைவிட என்னை வருத்துவது எதிரியின் படையாக வரும் ஆர்க்குகள். பிறவியிலேயே தீயவர்களாக ஒரு ஜாதி இருக்க முடியும் என்ற எண்ணத்தை, நிறத்தாலும் பிறப்பாலும் மனிதர்கள் ஒதுக்கப்பட்ட சரித்திரத்தை அறிந்த நாம் எளிதில் விழுங்க முடியாது. எதிரியின் பக்கம் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கருநிறத்தவர்கள் வருகிறார்கள் என்பதும் நம் கண்ணுக்குத் தப்பாது. டோல்கீனுடைய மனச்சாட்சியும் இதில் சஞ்சலப்பட்டது. ஆர்க்குகளின் தோற்றத்தைப் பற்றி முதுமையிலும் அவர் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார், திருப்தியான விடை காணவில்லை. 1938-இல் ஒரு ஜெர்மானியப் பிரசுர நிறுவனம் அவரது இனப் பரம்பரையை விசாரித்தபோது அவர் கொண்ட சினம் கடிதமாக இருக்கிறது. கதைக்குள்ளும், செத்துக் கிடக்கும் ஒரு தென்னாட்டு வீரனைக் கண்ட ஃப்ரோடோவின் தோழன் சாம், இவன் பெயர் என்னவோ, உண்மையில் தீயவன்தானோ, வீட்டிலேயே இருந்திருக்க விரும்பியிருப்பானோ என்று எண்ணிக் கலங்கும் ஓர் இடம் உண்டு. அந்தச் சில வரிகளுக்காக நான் அவரை நேசிக்கிறேன்; அந்தச் சில வரிகளை ஆர்க்குகளுக்கு அவர் அளிக்கவில்லை என்பதால் என் மனம் இன்னும் சமாதானம் அடையவில்லை.

பெற்றோர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் பிள்ளைகள் இத்தகைய நூல்களைப் படிக்கும்போது, பாடத்துக்கு உதவாத மாயாஜாலக் கதை என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். நீங்களும் சேர்ந்து படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஏன் பிடிக்கவில்லை என்று பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழில் சண்டையிடுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் நுட்பமாக விவாதிக்கும் பிள்ளைகள், வீட்டில் சாப்பாட்டையும் நேரத்தையும் பற்றி மட்டுமே தமிழில் பேசி வளர்ந்தால், அவர்களுடைய சிந்தனை முழுவதும் நம் பாஷைக்கு வெளியே குடியேறிவிடும். அது டோல்கீனை விரும்புவதா வெறுப்பதா என்பதைவிட எனக்குப் பெரிய கவலை.

ஆகையால் சங்கத்தின் நிர்வாகிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு விழாவின் பட்டிமன்றத்தை நம் இளைஞர்களிடமே ஒப்படைத்து, ஃப்ரோடோ வென்றானா, தோற்றானா என்ற தலைப்பைக் கொடுங்கள். இரு கட்சியாரும் மூன்று பாகங்களையும் முழுதும் படித்து வரவேண்டும், தமிழிலேயே வாதாட வேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனைகள். தோற்றான் என்ற கட்சியில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினால், நன்றியோடு வந்து பேசுகிறேன்.