அடைக்கலம் தந்த வீடுகள்



அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடலாகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொல்வது எளிது. அடைக்கலம் கொடுத்தால் நம் உயிருக்கே ஆபத்து என்றால் என்ன செய்வோம்? அந்தச் சோதனைக்கு ஆளான ஒரு பிரெஞ்சுச் சிற்றூரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

1940 ஜூன் மாதம் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தது. யூத மக்களைப் பூண்டோடு அழிக்க முனைந்தான் ஹிட்லர். 1942 ஜூலையில், பாரிஸ் வட்டாரத்தில் இரண்டே நாளில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் பிரெஞ்சுப் போலீசாரே! பிடிபட்டவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

அந்நாளில், தென்பகுதி மலைநாட்டில் லெ ஷாம்போன் என்ற ஊர் தன் கதவைத் திறந்தது. ஊரார் பெரும்பாலும் குடியானவர்கள், புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள். அரசர் காலத்தில் தங்கள் முன்னோர் மதத்தின் பேரால் பட்ட துன்பத்தை அவர்கள் மறக்கவில்லை. போதகர் ஆந்த்ரே ட்ரொக்மேயும் அவர் மனைவி மக்டாவும் முன்னின்றார்கள்.

பிள்ளையை ஒளித்து வைப்பது ஒருநாள் வேலையா? உணவு பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைக்கும். உள்ளதில் ஒரு தட்டு கூடுதலாக வைக்க வேண்டும். பொய்ப் பெயரில் அடையாளச் சீட்டு வேண்டும். பிள்ளையோ பெற்றவர் இட்ட பெயரை மறைத்து, புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். போலீஸ் வருகிறது என்றால் காட்டுக்குள் ஓட வேண்டும். அக்கம்பக்கத்தாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் நாக்குப் புரண்டால் போதும், எல்லாம் போயிற்று!

1942 ஆகஸ்டில் போலீசார் வந்து பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது, போதகர் தர மறுத்தார். 1943 ஜூனில் மாணவர் விடுதி ஒன்று சோதனையிடப்பட்டது. அதன் பொறுப்பாளர் டானியேல் ட்ரொக்மே, போதகரின் உறவினர். தப்பியோட வழியிருந்தும் மாணவரைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. 1944இல் சிறைமுகாமிலேயே இறந்தார்.

பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதக் குழந்தைகள் சுமார் 11,000 பேர். திரும்பியவர் மிகச் சிலரே. இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஒளிந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆனால் போர் முடிந்ததும் அப்பா அம்மா வருவார்கள் என்று வழிபார்த்த பிள்ளைகள் பலருக்கு, யாருமே வரவில்லை. அவர்களுக்கு மிஞ்சியது சோறிட்ட அந்த வீட்டாரின் அன்புதான்.

1990இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவ்வூருக்குச் சிறப்புச் செய்தது. ஊரார் ஏந்தியது ஆயுதமா? இல்லை. ஒரு தட்டுச் சோறு. காத்த ஒரு சொல். அவை இரண்டும் நம் வீட்டிலும் உண்டல்லவா?