போவது அவர்கள் உரிமை. போகச் சொல்வது நம் வேலையல்ல



சிரியாவில் 1970 முதல் தந்தையும் மகனுமாக நடத்திய அசாத் சர்வாதிகாரம் 2024 டிசம்பர் 8-இல் வீழ்ந்தது. 2011-இல் மூண்ட கொடுமையில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாகச் சிதறியவர்கள் 1 கோடிக்கும் மேல். அன்று பெர்லின் வீதிகளில் அகதிகள் கொடியேந்தி ஆடினார்கள். மறுநாளே ஜெர்மனி, சிரியர்களின் புகலிட மனுக்கள் மீதான முடிவுகளை நிறுத்தி வைத்தது. ஆனந்தக் கண்ணீர் காயுமுன்னே, "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்ற கேள்வி!

ஊர் ஏக்கம் நமக்குத் தெரியாததா? பொங்கலுக்கு ஊர் போக விடியுமுன்னே கவுண்டரில் வரிசை நிற்கிறோம். நமக்கு ஊரில் வீடு நிற்கிறது. திரும்பி வர வேலை இருக்கிறது. அலெப்போவில் எத்தனையோ பேருக்கு வீடிருந்த இடத்தில் கல்குவியல்; பிள்ளைகளோ ஜெர்மன் பள்ளியில் படிக்கிறார்கள். 2025 செப்டம்பருக்குள் சுமார் 10 லட்சம் பேர் நாடு திரும்பினார்கள். போகிறவர் மனநிறைவோடு போகட்டும். இருக்கிறவர் மானத்தோடு இருக்கட்டும்.

1960-களின் இறுதியில் பம்பாயில் தென்னிந்தியர் கடைகள் தாக்கப்பட்டன. "கிளம்பு" என்ற சொல் நம் பெரியவர்கள் காதிலும் விழுந்தது. ஆகவே தோழர்களே, நம் லைனில் புதிதாய்க் குடிவரும் குடும்பம் எந்த மொழி பேசினாலும், "எப்போது போவீர்கள்?" என்று கேளோம். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்போம்.