துவாஸ் கரையும் நம் ஆற்று மணலும்



ஜொகூரின் தென்மேற்கு முனையிலுள்ள தஞ்சோங் கூப்பாங்கில் நின்று நோக்கினால், நீரிணைக்கு அப்பால் துவாஸ் தெரியும். 1998-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் இணைப்புப் பாலம் இவ்விரு கரைகளையும் சேர்க்கிறது. உங்கள் பிள்ளைகளுள் சிலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இப்பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லக்கூடும். அவர்கள் சென்றிறங்கும் நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது.

துவாஸ் என்னும் பெயரே மீன்பிடி தொழிலால் வந்தது என்பர். மரக்கிளைகளையும் தென்னை மட்டைகளையும் கடலிற் போட்டு, அந்நிழலில் ஒதுங்கும் மீனைப் பிடிப்பது பழைய மலாய் முறை. அந்த மீனவச் சிற்றூர் மறைந்தது. தொழிற்பேட்டையும், 2022-இல் திறக்கப்பெற்ற பெருந்துறைமுகமும் அங்கு எழுந்துள்ளன. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் பரப்பு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. சிறிய தீவு, மக்களுக்கு வீடும் வேலையும் வேண்டும். அதனை நாம் குறை கூறுவதற்கில்லை. எனினும், கடலைத் தூர்த்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே.

முதலில் அண்டை நாடுகளிலிருந்து வந்தது. மலேசியா 1997-இல் மணல் ஏற்றுமதியைத் தடுத்தது. இந்தோனேசியா 2003-இல் கடல் மணலையும், 2007-இல் நிலத்து மணலையும் தடுத்தது. ஒரு வாயில் அடைபட்டதும் வணிகர் மறுவாயிலைத் தட்டினர். கம்போடியாவின் கோ கோங் மாநிலத்துக் கழிமுகங்களில் தூர்வாரும் கப்பல்கள் இறங்கின. நண்டும் மீனும் அருகிவிட்டன என்று அங்குள்ள மீனவர் முறையிட்டனர். 2017-இல் அந்நாடும் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

அந்நாட்டு ஸ்ரே அம்பெல் ஆற்றில் ஓர் அரிய ஆமையினம் உண்டு. அற்றுப்போய்விட்டதெனக் கருதப்பட்டுப் பின்னர்க் கண்டறியப்பெற்ற அவ்வினத்தைக் கம்போடியா 2005-இல் தேசிய ஊர்வனவாக அறிவித்தது. நம் பேராக், திரெங்கானு ஆறுகளில் துந்தோங் என்று வழங்குவதும் அதே இனந்தான். பெண் ஆமை இரவில் மணற்றிட்டில் ஏறிக் குழி பறித்து முட்டையிடும். மணலின் சூடே அதனைப் பொரிக்கும். திட்டை அள்ளிவிட்டால் அது எங்கே போகும்?

ஆமைக்கு நேர்வது ஆமையோடு நிற்பதில்லை. மணல் ஆற்றின் அடித்தரை. அதனை அளவின்றி அள்ளினால் ஆறு ஆழமாகும். கரையின் அடிப்பகுதி அரிக்கப்படும். கரையோரத்து ரப்பர் மரம் ஒரு மழைக்காலத்தில் வேரோடு சாய்வதைக் கண்டிருப்பீர்கள். ஆற்று நீர்மட்டம் தாழ, நிலத்தடி நீரும் அதனை நோக்கி வடியும்; கிணறு வற்றும்; காய்கறித் தோட்டம் வாடும். கடலை அடுத்த இடங்களில் உப்புநீர் ஆற்றினுள் ஏறும். கலங்கிய சேறு படிந்து மீன் முட்டைகள் மூடப்படும்.

துவாஸ் நீரிணைக்கும் இது பொருந்தும். அங்கு நடைபெற்ற கடல்தூர்ப்புப் பணியால் நம் பக்கத்து நீரோட்டமும் மீன்வளமும் கெடும் என்று மலேசியா 2003-இல் அனைத்துலகக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தை நாடியது. 2005-இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. எதிர்க்கரையில், மெராம்போங் கடற்புல் வெளி இருக்கிறது. கடற்பசுவும் கடற்குதிரையும் அதனை நம்பி வாழ்பவை. நம் கரையிலும் 2014 முதல் கடல் தூர்க்கப்பட்டது என்பதை மறைக்கலாகாது. அயலாரை மட்டும் சுட்டுவது முறையன்று.

மாற்று வழிகளும் இல்லாமல் இல்லை. துவாஸ் துறைமுகப் பணியில், கடலடியிலிருந்து வாரிய மண்ணையும் கட்டடப் பணிகளில் தோண்டிய மண்ணையும் நிரப்பி மணல் தேவையைக் குறைத்தனர். தெக்கோங் தீவில் கடலைத் தூர்க்காது, அணை கட்டி நீரை இறைத்து நிலம் காணும் முறையைக் கையாண்டனர்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் மணல் அள்ளுவதற்கு நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரவில் லாரிகள் ஆற்றோரம் இறங்கினால், எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர் வாயிலாக மாவட்ட நில அலுவலகத்துக்கும் நீர்ப்பாசன வடிகால் துறைக்கும் எழுதுங்கள். லாரிக்காரருடன் நேரில் மோத வேண்டாம். கைவிடப்பட்ட மணற்குழிகளில் நீர் தேங்கியிருப்பின் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மேலே அமைதியாகத் தோன்றினும் கரை சட்டென்று சரியும். இரண்டடி தள்ளினால் ஆழம் தெரியாது.