கிராமக் குழந்தைகளும் பல் சொத்தையும்

கிராமக் குழந்தைகளின் உடல்நலம் என்றதும் எடைக் குறைவு, இரத்தசோகை, வயிற்றுப்போக்கு ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. பல் சொத்தை அந்தப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. "விழப்போகும் பால் பல்தானே" என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்குப் பல் சொத்தை காணப்பட்டது. அதாவது, பள்ளிக்குச் செல்லும் வயதில் இரண்டு குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருந்தது.

பாலினக் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை பயன்பட வேண்டியவை. அவை முன்னதாகவே விழுந்துவிட்டால், நிரந்தரப் பற்களுக்குரிய இடம் குறுகிவிடும். பல் வலியுள்ள குழந்தை மெல்லத் தயங்குகிறது. அதன் உணவு குறைகிறது, உறக்கம் கெடுகிறது. சத்துணவுக்காக அரசு செலவிடும் பணம் அக்குழந்தையிடம் முழுப் பயனைத் தருவதில்லை.

அளவும் தடவையும்

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் இவ்விழப்பை ஓரளவு ஈடு செய்யும்; ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். சுவீடனின் விப்பேகோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆய்வு, உணவோடு உண்ணும் சர்க்கரையைவிட, உணவு வேளைகளுக்கு இடையே உண்ணும் ஒட்டும் இனிப்பே அதிகக் கேடு செய்வதைக் காட்டியது. மனவளர்ச்சி குன்றியோரை உட்படுத்திய அந்த ஆய்வு முறையை இன்று எவரும் ஏற்கமாட்டார்கள். எனினும் அதன் முடிவு நிலைத்துள்ளது. வெல்லமும் தேனும் இதற்கு விலக்கல்ல.

காலையில் சர்க்கரைத் தேநீரில் தோய்த்த பிஸ்கட், குழந்தை அழும்போது கடையில் ஒரு சிறு பொட்டலம், இரவில் இனிப்புப் பால் புட்டி என்பது இன்று பல கிராமங்களில் காணும் வழக்கம். வயல் வேலைக்குச் செல்லும் தாய்க்கு இவை சமைக்க வேண்டாதவை, எளிதில் கெடாதவை, மலிவானவை. ஆகவே இதனை அறியாமை என்று மட்டும் கூறிவிட இயலாது. கிராமக் குடும்பச் செலவில் பானங்கள், பதப்படுத்திய உணவுகள் முதலியவற்றின் பங்கு 1999-2000இல் 4.19 சதவீதமாக இருந்தது, 2022-23இல் 9.62 சதவீதமாக உயர்ந்தது. இதில் இனிப்பற்ற பண்டங்களும் அடங்கும் என்றாலும், உணவுப் பழக்கம் செல்லும் திசை தெளிவாகிறது.

விலையும் தடுப்பும்

2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், மிட்டாய் ஆகியவற்றின் வரியும் 5 சதவீதத்திற்கு இறங்கியது. எனவே விலையை மட்டும் நம்பிப் பயனில்லை. வீட்டுப் பழக்கம் மாற வேண்டும்.

அதற்கேற்ற அமைப்பு ஏற்கெனவே உள்ளது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக வளர்ந்துள்ளது. குழந்தையை எடை பார்க்கும்போதே ஊழியர் அதன் மேலுதட்டைத் தூக்கிப் பற்களைப் பார்க்கலாம். ஈறோரத்தில் தோன்றும் வெண்புள்ளி சொத்தையின் முதல் அடையாளம். அந்நிலையில் அதனைத் தடுத்து நிறுத்த முடியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இனிப்புப் பானங்கள் தரலாகாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலைத் தாய்மார்களிடம் எடுத்துரைக்கலாம். ஃபுளோரைடு பற்பசையை மூன்று வயது வரை அரிசி மணியளவும், பின்னர் பட்டாணியளவும் பயன்படுத்தக் கற்பிக்கலாம். தெலங்கானாவின் நல்கொண்டா போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் மருத்துவரின் ஆலோசனை தேவை.

சொத்தையை அடைக்க நகருக்குச் செல்லும் தாய், பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியையும் இழக்கிறாள். அங்கன்வாடியில் செலவாகும் சில நிமிடங்கள் அந்த இழப்பைத் தவிர்க்கக்கூடும். எடை அட்டையில் பற்களுக்கும் ஓர் இடம் ஒதுக்குவதே நல்ல தொடக்கமாகும்.